மூடி இறுக்கமாகத்தான் இருந்தது, எறும்பு எப்படிப் போனது?

போன வாரம் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் உள்ளே இருபது முப்பது சிற்றெறும்புகள். முந்தின நாள் கை வலிக்கத் திருகி மூடியதே நான்தான். சரி, எந்த வழியாகத்தான் போகிறது பார்த்துவிடலாம் என்று செல்போன் கேமராவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒன்று மூடியின் விளிம்புக்கு வந்தது, உணர்கொம்பால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தது, உள்ளே நுழைந்தது. மூடி தெளிவான பிளாஸ்டிக் என்பதால் அப்புறமும் தெரிந்தது: மரையின் பள்ளத்திலேயே சுற்றிச் சுற்றி ஏறி, டப்பாவின் வாயைத் தாண்டி, சர்க்கரைக்குள் இறங்கிவிட்டது.

எவ்வளவு திருகினாலும் மரைக்கும் மூடிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தே தீரும், இல்லாவிட்டால் மூடி சுற்றவே சுற்றாது. வழியை அடைப்பது மூடிக்குள்ளே டப்பா வாய் போய் முட்டும் இடத்தில் இருக்கிற ரப்பர் அல்லது சிலிகோன் வளையம்தான். என் மூடியில் அது ஒரு பக்கம் பிய்ந்திருந்தது, இத்தனை நாள் நான் கவனிக்கவே இல்லை.

வீடுகளில் வரும் பாரோ எறும்பு சுமார் 2 மில்லிமீட்டர் நீளம். ஆனால் பார்க்க வேண்டியது தலையின் அகலத்தை, அது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. தலையின் ஓடு கெட்டி, நசுங்கி நுழைய முடியாது. ஆனால் தலை போகிற சந்தில் பெரும்பாலும் உடம்பும் போய்விடும். சாதாரண பிரிண்டர் தாள் ஒன்றின் தடிமன் 0.1 மில்லிமீட்டர் என்றால், ஐந்து தாளைச் சேர்த்துச் செருகும் அளவு இடைவெளி எறும்புக்குத் திறந்த கதவுதான்.

டப்பாவைச் சோதிக்க எளிய வழி, தண்ணீர் நிரப்பி மூடி உலர்ந்த துணிமேல் தலைகீழாகக் கொஞ்ச நேரம் வைப்பது. துணி நனையவே இல்லை என்றால் எறும்பும் போகாது. ஜிப் பைகளில் ஓரத்து மூலையைத்தான் பார்க்க வேண்டும், மற்ற இடமெல்லாம் ஒட்டிக்கொண்டாலும் அங்கே அடிக்கடி ஒட்டாமல் நிற்கும்.

இன்னொன்று, முதலில் வருகிற எறும்பு சர்க்கரையைக் கண்டுகொண்டால் வழி நெடுக வாசனைத் தடம் வைத்துவிட்டுப் போகும், மற்றவை அதைப் பிடித்தே வரும். அதனால் டப்பாவை மட்டும் மாற்றாமல் அலமாரித் தட்டையும் மரையில் ஒட்டியிருக்கும் சர்க்கரைத் துகளையும் சோப்புத் தண்ணீரால் துடைத்தெடுங்கள்.

நான் நல்ல வளையம் உள்ள டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். நேற்று ஒரு எறும்பு அதன் மரையிலும் ஏறியது. வளையம் வரை போய், அங்கேயே கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனது.