தை மாதத் தெளிவில் கெண்டைத் தூண்டில்

கலங்கல் தண்ணீரில் யார் தூண்டில் போட்டாலும் கெண்டை சிக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தென்பெண்ணையும் கெடிலமும் மணல் தெரியத் தெளியும் தை, மாசியில்தான் கைவேலை தெரியும். மடுவில் மீன் நம் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் நாமும் அதற்குத் தெரிகிறோம்.

முதலில் கரை. கடலூர்ப் பக்கம் இரண்டு ஆறுமே கிழக்கே ஓடுபவை. தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். வடகரையில் உட்கார்ந்தால் நிழல் முதுகுக்குப் பின்னால் விழும். தென்கரையில் அது தண்ணீருக்குள் போகும். அன்றைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். வடகரையில் கண் கூசும், போலராய்டு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நிற்க வேண்டாம். நீருக்கு வெளியே உள்ளதெல்லாம் மீனுக்குத் தலைக்குமேல் சுமார் 97 பாகைக் கூம்புக்குள் அடங்கித்தான் தெரியும். தாழ உட்கார்ந்தவர் அதன் விளிம்பில் நசுங்கிப்போவார். கெண்டைக்குக் காற்றுப்பையையும் உள்காதையும் இணைக்கும் சிற்றெலும்புகள் உண்டு, அதனால் காது கூர்மை. பேச்சைவிட, கரையில் தொப்பென்று வைக்கும் காலடிதான் அதை விரட்டும்.

தங்கூசி (தூண்டில் நரம்பு) 0.20 மி.மீ. போதும். பயந்துகொண்டு 0.40 போட்டால் தெளிந்த நீரில் தாம்புக்கயிறு மாதிரித் தெரியும். கழி வளைந்து கொடுத்தால் நரம்பு நடுவில் அறாது. அறுவது பெரும்பாலும் முடிச்சில். காய்ந்த நரம்பை இறுக்கினால் உரசிச் சூடேறிப் பலம் போய்விடும். 5 சுற்று சுற்றி, எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்குங்கள். முள் 10-ஆம் எண்.

இரைக்கு மைதா 200 கிராம், சலித்த கடலைப் புண்ணாக்குத் தூள் 50 கிராம், ஒரு சிட்டிகை பெருங்காயம். வெந்நீர் தெளித்து, சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைய வேண்டும். ஜிலேபி மீன்கள் மொய்த்துக் கரைத்துத் தின்றால் கொஞ்சம் பஞ்சிழை சேருங்கள். உருண்டை பட்டாணி அளவு.

தக்கைக்கு மயிலிறகுத் தண்டுக்கு ஈடில்லை. ஒரே ஈயக்குண்டு, முள்ளுக்கு 4 விரல் மேலே, தரையில் உட்காரும்படி. தலைகீழாக மேயும் கெண்டை இரையை உறிஞ்சி நிமிரும்போது ஈயமும் எழும். தக்கை முங்காது, மேலெழுந்து படுக்கும். முங்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் துப்பிவிடும். படுத்த நொடியே மணிக்கட்டால் ஒரு சுண்டு. (கட்லாவுக்கு இது உதவாது, அது மேல்மட்டத்து மீன்.)

ஒன்று முள்ளில் கிழிபட்டுத் தப்பினால் கூட்டமே கலையும். கெண்டைக் குடும்பத்துச் சிறுமீன் ஒன்றில், காயம்பட்ட தோலிலிருந்து கசியும் எச்சரிக்கைப் பொருளை 1938-இல் விலங்கியலாளர் கார்ல் வான் ஃபிரிஷ் விளக்கினார். அந்தப் பொருள் ஓட்டத்தோடு கிழக்கேதான் போகும். அதனால் மடுவின் கிழக்கு முனையில் தொடங்கி, ஒவ்வொரு மீனுக்கும் மேற்கே நகருங்கள்.