‘ஐயம் குட்’ என்றால் வேண்டாம்

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், வேண்டாம் என்றவருக்கு டீ ஊற்றினேன். புதுச்சேரியில் கடற்கரைச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, எட்டே அறைகள் கொண்ட விடுதி அது. முற்றத்தில் உட்கார்ந்திருந்த அமெரிக்கரிடம் “டீ?” என்றேன். “ஐயம் குட்” என்றார். மனிதர் நன்றாக இருக்கிறார், டீயும் குடிப்பார் என்று கோப்பையில் ஊற்றத் தொடங்கினேன். அவர் அவசரமாக உள்ளங்கையால் கோப்பையை மூடினார். சூடு கையில் படாமல் தப்பியது என் அதிர்ஷ்டம்.

அறைகளைச் சுத்தம் செய்யும் அக்கா தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “பாப்பா, வாயைப் பார்க்காதே, கையைப் பார். நீ கேட்கும்போதே அவர் கை வேண்டாம் என்றுவிட்டது” என்றார்.

அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். நான் கடலூரில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, ஆங்கிலத் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். ஆனால் ஓர் அறைக்குள்ளிருந்து “கிவ் மீ டென்” என்று குரல் வந்தபோது, இவருக்கு எதற்குப் பத்து ரூபாய் என்று நான் யோசித்தேன். அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தார். சரியாகப் பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கதவைத் தட்டினார்.

அன்றிலிருந்து ஒரு பழைய வரவேற்புப் பதிவேட்டின் பின்பக்கங்களில் எழுதிவைக்க ஆரம்பித்தேன். சொல்லையும் அதன் பொருளையும் எழுதுவதில்லை. அப்படி எழுதிய நோட்டுகள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தன, ஒன்றும் ஒட்டவில்லை. யார் சொன்னார், எந்த அறை, கையில் என்ன இருந்தது, நான் என்ன செய்தேன், அவர் முகம் எப்படிப் போனது என்பதை எழுதினேன். மாலையில் கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அதை எடுத்துப் படிப்பேன். அரியாங்குப்பம் தாண்டுவதற்குள் அன்றைய கணக்கு முடிந்துவிடும்.

அதில் முதல் பக்கமே “டு யூ மைண்ட்” பற்றியது. ஒரு பெண்மணி அறையைக் காலி செய்துவிட்டு, “டு யூ மைண்ட் இஃப் ஐ லீவ் மை பேக் ஹியர்?” என்று கேட்டார். “யெஸ், யெஸ்” என்று தலையை ஆட்டினேன். பையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டார். பின்னால் ஓடிப்போய் வாங்கி வந்தேன். யோசித்துப் பார்த்தால் தமிழிலும் இதே கதைதான். “உங்களுக்குத் தொந்தரவா?” என்று ஒருவர் கேட்டால் “ஆமாம்” என்றா சொல்வோம்? “அதெல்லாம் ஒன்றும் இல்லை” என்போம். என் காது ‘பை’, ‘இங்கே’ என்ற இரண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, மீதியைத் தானே நிரப்பிக்கொண்டது.

“ஐயம் அஃப்ரெய்ட் த டேப் இஸ் லீக்கிங்” என்று ஒருவர் சொன்னபோது, குழாய் ஒழுகுவதற்கு ஓர் ஆறடி ஆள் பயப்படுகிறாரே என்று இரக்கப்பட்டிருக்கிறேன். நம் “தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள்” போல அது ஒரு முன்னுரை என்பது நான்காவது ஆள் சொன்னபோதுதான் உறைத்தது. இப்போது அறை இல்லை என்று சொல்ல நானே அதைத்தான் எடுத்து நீட்டுகிறேன். வெறும் “நோ ரூம்” சொன்ன காலத்தில் வந்தவர்கள் முறைத்துவிட்டுப் போவார்கள். இன்று “தேங்க் யூ” சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

காசு போன கதை ஒன்றும் உண்டு. ஒரு ஜெர்மன் தம்பதி “ஹாஃப் செவன்” மணிக்குக் காபி கேட்டார்கள். எப்போது என்று விரலால் கடிகாரத்தில் காட்டச் சொன்னேன், ஆறரையைக் காட்டினார்கள். எழுதிக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்து இங்கிலாந்துக்காரர் ஒருவர் சென்னை விமான நிலையத்துக்கு “ஹாஃப் செவன்” மணிக்குக் கார் கேட்டார். நோட்டை நம்பி ஆறரைக்கு வரச் சொன்னேன். அவர் நிதானமாகக் குளித்து, இட்லி சாப்பிட்டு, ஏழரைக்கு இறங்கி வந்தார். ஓட்டுநர் ஒரு மணி நேரக் காத்திருப்புப் பணத்தை என்னிடம்தான் வாங்கினார். ஜெர்மன் மொழியில் அப்படிச் சொன்னால் ஏழு மணியை நோக்கிப் பாதி வழி. ஆங்கிலேயருக்கு ஏழு கடந்து பாதி. நம் ‘ஏழரை’யும் ஏழும் அரையும்தானே? தமிழை நம்பியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். ஏழரை என்றாலே எனக்கு ஆகாது போல.

இந்த ஊரில் இன்னொரு சிக்கல், ஆங்கிலத்துக்குள் பிரெஞ்சு உட்கார்ந்திருக்கும். ஒரு காலை மேஜையில் துண்டுச் சீட்டு: “ஐ டிமாண்ட் ஒன் மோர் பில்லோ.” எனக்குச் சுருக்கென்றது. தலையணை கேட்கவா இவ்வளவு அதிகாரம்? மேலே போய்க் கொடுத்தபோது அந்தப் பெரியவர் கைகூப்பி நன்றி சொன்னார். சீட்டுக்கும் ஆளுக்கும் பொருத்தமே இல்லை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்கள் முதலாளியம்மா சிரித்துவிட்டார். பிரெஞ்சில் ‘தெமாந்தே’ என்றால் வெறுமனே கேட்பது. அவர் அதையே ஆங்கிலச் சட்டை போட்டு அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். அதேபோல “ஆக்சுவலி ஐ லிவ் இன் லியோன்” என்று ஒரு பிரெஞ்சுக்காரர் சொன்னால், அதில் ‘உண்மையில்’ என்பதற்கு வேலையில்லை. ‘தற்சமயம்’ லியோனில் இருக்கிறார். யாருடைய ஆங்கிலம் என்று தெரியாமல் அகராதியைப் புரட்டினால் வீண் சண்டைதான் மிஞ்சும்.

நாங்கள் பேசுவதும் அவர்களுக்குப் புதிர்தான். “ஓனர் இஸ் அவுட் ஆஃப் ஸ்டேஷன்” என்றேன் ஒருநாள். ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கிறார், இப்போது வந்துவிடுவார் என்று விருந்தினர் அரை மணி நேரம் காத்திருந்தார். பாவம், அம்மா திருச்சியில் இருந்தார். இந்தியாவில் வெள்ளைக்கார அதிகாரிகள் பணிபுரிந்த ஊருக்கு ‘ஸ்டேஷன்’ என்று பெயர். அவர்கள் போய்விட்டார்கள், சொல் நம்மிடம் தங்கிவிட்டது. நம்முடைய கட்டுமரமோ ‘கேட்டமரான்’ ஆகி அவர்களிடம் போய், இரட்டை உடல் கொண்ட சொகுசுப் படகாகத் திரும்பி வந்திருக்கிறது. “வேர் கேன் ஐ ஹயர் எ கேட்டமரான்?” என்று கேட்டவரை மீனவர் குப்பத்துக்கு அனுப்பிவைத்தவள் நான். அவர் கோபப்படவில்லை, சங்கரா மீனோடு திரும்பி வந்தார்.

நோட்டில் கேள்விக்குறி போட்ட வரிகளும் இருக்கின்றன. உடனே கைபேசியில் தேடுவதில்லை, இரண்டாம் முறை காதில் விழும்வரை விட்டுவைப்பேன். போன ஐப்பசி மழையில் அயர்லாந்துப் பெண்மணி ஒருவரை என் குடையில் ஆட்டோவரை கொண்டுபோய் விட்டேன். பெட்டியையும் நானே தூக்கினேன். ஏறி உட்கார்ந்ததும் தோளில் தட்டி, “ஃபேர் ப்ளே டு யூ” என்றார். விளையாட்டு எதுவும் நடக்கவில்லை. நாலாம் எண் அறை, மழை, குடை, தோளில் தட்டல், சிரித்த முகம் என்று எழுதியிருக்கிறேன். அக்காவிடம் கேட்டதற்கு, “நல்லதாகத்தான் இருக்கும், நீதான் முழுக்க நனைந்துபோய் வந்தாயே” என்றார். இன்னோர் அயர்லாந்துக்காரர் இன்னும் வரவில்லை.