"அந்த காலேஜுக்கா போற?": ஹோவர்டில் பிஎச்.டி சேர்ந்த கதை

வாஷிங்டனில் இருக்கும் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியலில் பிஎச்.டி செய்கிறேன். 2022 ஆகஸ்டில் சேர்ந்தேன். நான் படித்த மதுரைக் கல்லூரியிலிருந்து தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்பது இரண்டு கேள்விகள். "அண்ணா, அது கறுப்பர்களுக்கான காலேஜ்தானே, நம்மளச் சேர்ப்பாங்களா?" அப்புறம், "ரேங்க் லிஸ்ட்ல கீழ இருக்கே, விசா கிடைக்குமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, நடந்ததை முழுசாக ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. அம்மா தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பவர். வீட்டில் முதல் பட்டதாரி நான்தான். எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகப் படித்த ஓர் ஆய்வுக் கட்டுரையில், எழுதியவர் பெயருக்குக் கீழே ஹோவர்டு என்று இருந்தது. அந்த ஆய்வு பிடித்திருந்தது, பெயரைக் குறித்து வைத்துக்கொண்டேன். வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு கன்சல்டன்சியில் அதைச் சொன்னபோது, எதிரில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, அது கறுப்பர் காலேஜ். விசா ஆபீசர் பெயரைப் பார்த்ததுமே தள்ளிவிடுவார்." அவர் கொடுத்த பட்டியலில் இருந்த கல்லூரிகளில் எதிலும் உதவித்தொகை இல்லை. எல்லாமே கடன் வாங்கிப் படிக்கும் முதுகலைப் படிப்பு.

உறவினர்கள் வேறு மாதிரிச் சொன்னார்கள். "கறுப்பர்களோடவா இருக்கப் போற?" என்று முகத்தைச் சுளித்தவர்களே, கமலா ஹாரிஸ் படித்த இடம் என்றதும் "அப்படியா!" என்றார்கள். அவருடைய தாயார் சென்னைப் பெண் என்பதால் வந்த மரியாதை அது. கறுப்பாக இருக்கிறான் என்று சின்ன வயதில் சொந்தக்காரர்களிடமே பேச்சு வாங்கியவன் நான். அந்த முகச்சுளிப்பு எனக்கு இன்றும் வலிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் இத்தகைய கல்லூரிகள் ஏறத்தாழ நூறு இருக்கின்றன. எச்.பி.சி.யூ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1965-இல் வந்த உயர்கல்விச் சட்டத்தின்படி, 1964-க்கு முன் கறுப்பின மக்களின் கல்வியையே முதன்மை நோக்கமாகக் கொண்டு தொடங்கப்பட்ட கல்லூரிகள் இவை. மற்றவர்களுக்கு இடமில்லை என்று அதற்குப் பொருள் இல்லை. கதவை அடைத்து வைத்திருந்தவை வெள்ளையர்களின் கல்லூரிகள்தான். 1867-இல் ஹோவர்டு திறந்தபோது வந்து சேர்ந்த முதல் மாணவிகளே நிர்வாகிகள் வீட்டு வெள்ளைக்காரப் பெண்கள். இன்றைக்கு இந்தக் கல்லூரிகளில் படிப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் கறுப்பினத்தவர் அல்ல. இதையெல்லாம் அந்த கன்சல்டன்சி சொல்லவில்லை, நானே இரவு இரவாக உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன்.

அப்படிப் படிக்கும்போதுதான் செயின்ட் எல்மோ பிரேடியின் பெயர் கிடைத்தது. அமெரிக்காவில் வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1916-இல் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. டஸ்கிகீ, ஹோவர்டு, ஃபிஸ்க், டூகலூ என்று நான்கு கறுப்பினக் கல்லூரிகளில் வேதியியல் சொல்லிக் கொடுத்தார், துறைகளைக் கட்டியெழுப்பினார். பின்னாளில் ஹோவர்டு வழங்கிய முதல் முனைவர் பட்டமே வேதியியலில்தான், 1958-இல். நான் சேரப்போகும் துறைக்கு இப்படி ஒரு பரம்பரை இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்குத் தயக்கமே இல்லை.

பேராசிரியர்கள் பதினொரு பேருக்கு மெயில் போட்டேன். பதில் வந்தது மூன்று. அதில் ஒன்று ஹோவர்டிலிருந்து வந்தது, இரண்டே வரி: "உங்கள் புராஜெக்டில் இரண்டாவது படத்தில் அந்த உச்சி ஏன் நகர்கிறது? யோசித்துவிட்டு எழுதுங்கள்." மதிப்பெண்ணையும் கேட்கவில்லை, கல்லூரிப் பெயரையும் கேட்கவில்லை. நான்கு நாள் யோசித்துப் பதில் எழுதினேன். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

விண்ணப்பக் கட்டணம், டோஃபெல் ஆங்கிலத் தேர்வு, மதிப்பெண் பட்டியல் அனுப்பும் செலவு, விசா கட்டணம், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான சீவிஸ் கட்டணம் 350 டாலர், விமான டிக்கெட். அம்மாவின் இரண்டரைப் பவுன் செயின் அடகுக்கடைக்குப் போனது. ரசீதை மடித்து அரிசி டப்பாவுக்குள் வைத்தார். அந்த வாரத்தில்தான் தர்குட் மார்ஷல் என்ற கறுப்பின வழக்கறிஞரைப் பற்றிப் படித்தேன். பால்டிமோர்க்காரர். பக்கத்திலேயே இருந்த மேரிலாந்து பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரி கறுப்பினத்தவரைச் சேர்க்காது. அதனால் ஹோவர்டில் சேர்ந்து தினமும் ரயிலில் வாஷிங்டனுக்குப் போய் வந்தார். கட்டணம் கட்ட அவர் அம்மா தன் திருமண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தார். இதை அம்மாவிடம் சொன்னேன். "மீட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

மோதிரத்தின் கதை எனக்குத் தெரியாது. மகன் என்ன செய்தார் என்பது ஊருக்கே தெரியும். ஹோவர்டில் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் என்ற ஆசிரியர், மாலைநேர வகுப்பாக நடந்துகொண்டிருந்த சட்டக் கல்லூரியை முழுநேரக் கல்லூரியாக மாற்றி, இனப்பாகுபாட்டுச் சட்டங்களை நீதிமன்றத்தில் உடைக்கத் தெரிந்த வழக்கறிஞர்களை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1933-இல் வகுப்பில் முதல் மாணவராக வெளியே வந்த மார்ஷல், ஹூஸ்டனையும் சேர்த்துக்கொண்டு, தன்னால் சேர முடியாத அதே மேரிலாந்துக் கல்லூரியின் மீது வழக்கு நடத்தி, 1935-இல் வேறொரு கறுப்பின மாணவருக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்தார். 1954-இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிரவுன் வழக்கிலும் வாதாடியவர் அவர்தான். பிரிவினை கறுப்பினக் குழந்தைகளின் மனதை எப்படிப் பாதிக்கிறது என்று பொம்மைகளை வைத்துச் சோதித்து, அந்த வழக்கில் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வைச் செய்த கென்னத், மேமி கிளார்க் தம்பதியும் ஹோவர்டில் படித்தவர்கள். 1967-இல் மார்ஷல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானார்.

விசா நேர்காணல் சென்னையில். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்தவர், பல்கலைக்கழகம் அனுப்பியிருந்த ஐ-20 படிவத்தைப் பார்த்தார். கல்விக் கட்டணம் தள்ளுபடி, பாடம் நடத்துவதற்கு மாதச் சம்பளம் என்று அதிலேயே இருந்தது. "ஏன் ஹோவர்டு?" என்று கேட்டார். கன்சல்டன்சியில் மனப்பாடம் செய்யச் சொன்ன பதிலை விட்டுவிட்டு, பேராசிரியரின் ஆய்வையும் பிரேடியையும் சொன்னேன். அவருக்கும் அந்தப் பெயர் புதிதுபோல, எழுத்துக்கூட்டிக் கேட்டார். அப்புறம் "அங்கே போய் நன்றாகச் செய்யுங்கள்" என்றார். மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும்.

ஒரு சிக்கல் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் ஊரில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும். எனக்கும் அப்படித்தான். அப்படி இருந்தால் விசாவில் நம் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அடையாள அட்டை, மெயில், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அதுவே தொடர்ந்தது. மாணவர்கள் என்னை "மிஸ்டர் எஃப்நு" என்று கூப்பிட்டபோது எதுவும் சொல்லத் தெரியவில்லை.

மாற்ற முடியுமா என்று கேட்க அலுவலகத்துக்குப் போனேன். அறுபது வயது இருக்கும் ஒரு அம்மா இருந்தார். கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது பெயர் இல்லையே. உன் அம்மா உன்னை எப்படிக் கூப்பிடுவார்?" எழிலரசன் என்றேன். 'ழ' வரவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லி, என் வாயைப் பார்த்துக்கொண்டே மூன்று தடவை முயன்றார். மூன்றாவது தடவை கிட்டத்தட்ட வந்துவிட்டது. விருப்பப் பெயர் என்ற இடத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தட்டிக்கொண்டே சொன்னார்: அவருடைய குடும்பத்தைத் தேடினால் 1870 மக்கள்தொகைக் கணக்கோடு தடம் நின்றுவிடுகிறதாம். அதற்கு முன் 1860-இல் எடுத்த அடிமைகள் பட்டியலில் முதலாளியின் பெயர் மட்டும் இருக்கும். மற்றவர்களுக்கு வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். "அதனால் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறார்" என்றார்.

வெளியே வந்து புல்வெளி ஓரத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விடுதலையான அடிமைகளுக்காக உள்நாட்டுப் போருக்குப் பின் ஏற்படுத்தப்பட்ட அரசு அமைப்பின் தலைவர் ஜெனரல் ஆலிவர் ஹோவர்டு. அவர் பெயரில்தான் இந்தப் பல்கலைக்கழகம். யாரோ ஒரு மாணவர் தூரத்திலிருந்து "எச்.யூ!" என்று கத்த, நாலு பக்கத்திலிருந்தும் "யூ நோ!" என்று பதில் வந்தது. தினமும் கேட்கும் குரல்தான், அன்றைக்கு வேறு மாதிரிக் கேட்டது.

முதல் பருவத்தில் இளங்கலை ஆய்வகத்துக்கு என்னைப் போட்டார்கள். ஒரு மாணவி தரம்பார்த்தல் சோதனையில் மூன்று தடவையும் அளவைத் தாண்டிவிட்டாள். நிறம் காட்டும் ஃபீனால்ப்தலீன் வெளிறிய இளஞ்சிவப்பில் நிற்க வேண்டும், அவளுக்கு ஒவ்வொரு முறையும் பீட்ரூட் நிறம். நான் பூஜ்ஜியம் போடப் போனேன். அந்தப் பக்கமாக வந்த மூத்த பேராசிரியர் ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "கையை நடுங்க விடு, பரவாயில்லை. கடைசி அரை மில்லியை மட்டும் சொட்டுச் சொட்டாக விடு." ஐந்தாவது முறை நிறம் சரியாக நின்றது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யாரைக் கழித்துவிடலாம் என்று பார்க்க நாம் இங்கே வரவில்லை" என்றார். நான் படித்த வகுப்புகளில் இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதே இல்லை.

இதன் பலனைக் கணக்கிலும் பார்க்கலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் இவை நூற்றுக்கு மூன்றுதான் வரும், ஆனால் இங்கிருந்து வந்தவர்களைப் பாருங்கள். ரத்தப் பிளாஸ்மாவைச் சேமித்து வைக்கும் முறைக்குப் பெயர்போன டாக்டர் சார்லஸ் ட்ரூ, ஹோவர்டில் அறுவை சிகிச்சை சொல்லிக் கொடுத்தவர். 1941-க்கும் 1950-க்கும் இடையே சான்று பெற்ற கறுப்பின அறுவை சிகிச்சை நிபுணர்களில் பாதிக்கு மேல் அவரிடம் பயின்றவர்கள். நியூ ஆர்லியன்ஸில் இருக்கும் சேவியர் சிறிய கல்லூரிதான், ஆனால் மருத்துவம் படிக்கப் போகும் கறுப்பின மாணவர்களை உருவாக்குவதில் நாட்டிலேயே முன்னணியில் நிற்கிறது. ஜான் கிளென் பூமியைச் சுற்றியபோது பாதையைச் சரிபார்த்த கேத்தரின் ஜான்சன் படித்தது மேற்கு வர்ஜீனியாவின் கறுப்பினக் கல்லூரியில். 1960 பிப்ரவரி 1-இல் கிரீன்ஸ்பரோவில் இனப்பிரிவினையை எதிர்த்து, வெள்ளையர் மட்டும் சாப்பிடும் மேசையில் போய் உட்கார்ந்த நான்கு பேரும் வட கரோலினா ஏ அண்ட் டி கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள்.

இவ்வளவும், வர வேண்டிய பணம் முழுதாகக் கைக்கு வந்து சேராமலே செய்தது. 1890 சட்டத்தின்கீழ் 'நிலக்கொடைக் கல்லூரி' என்ற பெயரில் அரசு நிதிக்குத் தகுதி பெற்ற கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கு, மாநில அரசுகள் முப்பது வருடங்களில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைத்துக் கொடுத்திருக்கின்றன என்று 2023-இல் மத்திய அரசே 16 ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதியது. ரேங்க் பட்டியலைப் பார்க்கும்போது இந்தத் தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2025 பிப்ரவரியில் ஹோவர்டுக்கு ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களின் மிக உயர்ந்த தகுதியான ஆர்1 கிடைத்தது. அன்று எங்கள் துறையில் யாரும் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை.

விண்ணப்பிக்கிறவர்களுக்கு: கன்சல்டன்சிக்குப் போவதற்கு முன் பேராசிரியருக்கு நேரடியாக மெயில் போடுங்கள். அவருடைய கட்டுரை ஒன்றையாவது முழுதாகப் படித்துவிட்டுப் போடுங்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வார்களா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம், நான் கேட்காமல் விட்டேன். உதவித்தொகை பற்றி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியாக இருந்தால், விசாப் படிவத்தைத் தொடுவதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள், ஒரு மாதமாவது பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செயினை இரண்டாம் வருடச் சம்பளத்தில் மீட்டாயிற்று. ரசீது இன்னும் அரிசி டப்பாவில்தான் இருக்கிறது, அம்மா எடுக்க மாட்டேன் என்கிறார்.