‘ஜிஎஸ்டி தனி’

எங்கள் எழுத்துக் கருவியின் முதல் பதிப்பைக் கொடுத்துவிட்டு ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் அக்கா, வாடிக்கையாளருக்கு அடித்த கடிதத்தை ஏஐயிடம் கொடுத்துக் கொஞ்சம் பணிவாக மாற்றச் சொன்னார். வந்தது பிடிக்கவில்லை. செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் கன்ட்ரோல் இசட் தட்டினார். கடைசி வார்த்தை மட்டும் போனது. மறுபடி தட்டினார், இன்னொரு வார்த்தை. நாற்பது ஐம்பது தட்டுக்குப் பிறகு நிமிர்ந்தார். “தம்பி, இதுக்கு நானே புதுசா அடிச்சிருப்பேனே!”

ஏஐயின் பதில் துண்டு துண்டாகத்தான் வந்து விழும். திரும்பப் பெறுவதற்காக மாற்றங்களை ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்த்துவைக்கும் அன்டூ அடுக்கில், ஒவ்வொரு துண்டையும் தனித் திருத்தமாகப் போட்டிருந்தோம். எங்கள் தப்புதான். பதில் முழுவதையும் ஒரே படியாக்க அரை நாள்கூட ஆகவில்லை.

அசல் தலைவலி அப்புறம் வந்தது. அதே அக்கா, ஏஐ எழுதியதன் மேல் இருபது நிமிடம் கையால் திருத்தினார். பிறகுதான் கட்டண வரியைக் கவனித்தார். தொகைக்குப் பக்கத்தில் இருந்த ‘ஜிஎஸ்டி தனி’ காணவில்லை. ஏஐ அதை அலங்காரமில்லாத சொல் என்று நினைத்ததோ என்னவோ! அன்டூ அடுக்கில் மேலே இருப்பதை எடுத்தால்தான் கீழே இருப்பது கைக்கு வரும். அந்த இரண்டு சொல்லை மீட்க இருபது நிமிட உழைப்பைக் கொடுக்க வேண்டும். “அழித்துவிட்டு ஏஐயிடம் திரும்பக் கேட்கட்டுமே” என்றார் குழுவில் ஒருவர். அதே கேள்விக்கு அதே பதில் திரும்ப வரும் என்று யார் உத்தரவாதம் தருவது?

ஏஐ கை வைக்கும் முன்பே முழு நகல் ஒன்றை எடுத்துவைப்பது, அதிலிருந்து வேண்டிய பத்தியை மட்டும் திருப்பிக்கொள்ள விடுவது என்று முடிவானது. நிரலாளர்கள் கோப்புகளின் பழைய பதிப்புகளைக் காக்கும் கருவியான, 2005 முதல் புழக்கத்தில் இருக்கும் கிட் (Git) போல நான் கிளைகள், குறிப்புகள் எல்லாம் வைக்க ஆசைப்பட்டேன். படம் போட்டுக் காட்டியதும் அக்கா, “எதுக்குத் தம்பி இத்தனை?” என்றார். சரி, ‘ஏஐ மாற்றும் முன்’ என்று ஒரே ஒரு பொத்தான்.

கடிதம் மின்னஞ்சலில் போய்விட்டால் அந்தப் பொத்தானும் உதவாது. ஜிமெயிலின் ‘அன்டூ சென்ட்’ போன கடிதத்தைத் திரும்ப அழைப்பதில்லை. 5 முதல் 30 விநாடி வரை அனுப்பாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவே. ஏஐ அனுப்பும் கடிதங்களுக்கு நாங்களும் 30 விநாடி வைத்தோம். வேகம் போய்விடும் என்று விற்பனைப் பிரிவு ஒரு வாரம் முறைத்துக்கொண்டது.

போன மாதம் அங்கே போயிருந்தேன். அக்கா ஏஐ பொத்தானை அழுத்தும் முன் கடிதத்தை நோட்பேடில் ஒட்டிவைத்துக்கொண்டார். நான் எதுவும் சொல்லவில்லை.