முதுகுவலி: நான் குனிவதை யாரும் பார்க்கவே இல்லை

முதலில் போன எலும்பு டாக்டர் என்னை எழுந்து நிற்கக்கூடச் சொல்லாமல் எம்.ஆர்.ஐ.க்குச் சீட்டு எழுதினார். ரிப்போர்ட்டில் எல்4-எல்5 டிஸ்க் புடைப்பு, அதாவது கீழ்முதுகின் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள ஜவ்வு புடைத்திருக்கிறது என்றிருந்தது. "ஜவ்வு விலகியிருக்கு, குனியவே கூடாது, பெல்ட் போடுங்க" என்று அனுப்பிவிட்டார். கால் மரத்துப்போகிறதா என்று ஒரு கேள்வி இல்லை. வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015ல் வந்த ஆய்வில், 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு இந்தப் புடைப்பு இருந்தது. அன்றே யாராவது இதைச் சொல்லியிருந்தால், பயந்து வீட்டோடு முடங்கியிருக்க மாட்டேன்.

அடுத்து ஒரு தெரபி சென்டர். முதுகில் ஐ.எஃப்.டி. என்ற கரன்ட் வைத்தியத்துக்கான பேடை ஒட்டி, டைமரை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016லேயே இந்த கரன்ட் வைத்தியமும் பெல்ட்டும் இடுப்புவலிக்கு வேண்டாம் என்று வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. இங்கே இன்னும் அதற்குத்தான் பணம் கட்டுகிறோம்.

கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அக்கா கிடைத்தார். "குனிஞ்சு தரையைத் தொடுங்கம்மா" என்று பக்கவாட்டில் நின்று பார்த்தார். பிறகு குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, ஒரு கையை என் இடுப்பெலும்பில் வைத்துக்கொண்டு பாதத்தை மெல்ல வெளிப்பக்கம் சாய்த்தார். தொடை மூட்டு கொஞ்சம் திரும்புவதற்குள் இடுப்பெலும்பும் கூடவே கிளம்பிவிட்டது, முதுகில் சுருக்கென்றது. இடுப்பெலும்பை அசையவிடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடி சாய்த்தார். வலிக்கவில்லை! அப்படியே அழுதுவிட்டேன்.

குனியும்போது முதுகும் தொடை மூட்டும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டுமாம். என் தொடை மூட்டு இறுகிக் கிடந்ததால் முதுகே அதிகம் வளைந்திருக்கிறது. எல்லாருக்கும் இப்படித்தான் என்றில்லை. சிலருக்கு முதுகு வளையவே வளையாமல் விறைத்து நிற்கும். அதனால் என் பயிற்சியை அப்படியே செய்யாதீர்கள். எனக்குக் கொடுத்தது இது: ஒட்டடைக்கம்பைப் பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் படும்படி பிடித்து, கம்பு விலகாமல் பின்பக்கத்தைத் தள்ளிக் குனிவது. சில வாரத்தில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிவிட்டேன்.

பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது புடவை வேண்டாம், தொளதொள பேன்ட் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது. தெரபி பேக்கேஜுக்குப் பணம் கட்டுமுன் "நான் குனியறதைப் பாருங்க" என்று கேளுங்கள். பார்க்க மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கால் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமலோ வராமலோ போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ பயிற்சியெல்லாம் பிறகு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.