வ.உ.சி. மைதானத்தில் ஒரு காலைப் பேச்சு

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் என்னோடு காலையில் நடக்க வரும் அண்ணாச்சி ஒருவர், அரிவாள் படத்தோடு சாதிப் பெருமையை ஸ்டேட்டஸாக வைக்கும் இளைஞர்களைப் பற்றிப் பொருமிவிட்டு, "அரசாங்கத்தத் திட்டுதவன், சாதிய மூட்டுதவன், எல்லாவனையும் ஒரே போலீஸ் வண்டியில ஏத்தணும் தம்பி" என்றார். யாருடைய பெயரைத் தாங்கிய மைதானத்தில் நின்று இதைச் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

1908 மார்ச்சில், வங்கத்துச் சுதந்திரப் போராட்டத் தலைவர் விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தாமிரபரணிக் கரையில் பேசினார்கள். அந்தப் பேச்சால் ஊர் எரியவில்லை; அவர்களைக் கைது செய்த மறுநாள், மார்ச் 13 அன்று, திருநெல்வேலியில் கடைகள் அடைக்கப்பட்டு, அரசு அலுவலகங்களுக்குத் தீ வைக்கப்பட்டு, துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. அமைதியைக் காப்பதாகச் சொல்லி வாயை அடைத்ததுதான் அமைதியைக் கெடுத்தது. ஆனாலும் இந்திய தண்டனைச் சட்டத்தில் 1870இல் சேர்க்கப்பட்ட ராஜதுரோகப் பிரிவான 124ஏ-வின் கீழ் நீதிபதி பின்ஹே, பேசியதற்காக 20 ஆண்டு, சிவாவுக்குத் துணை நின்றதற்காக இன்னொரு 20 ஆண்டு என வ.உ.சி.க்குத் தீவாந்தர (நாடுகடத்தல்) தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது என்பது வேறு கதை.

சுதந்திரத்துக்குப் பிறகும் அப்பிரிவு நம்மோடு இருந்தது. வன்முறையையோ பொது ஒழுங்கின் சீர்குலைவையோ தூண்டும் பேச்சுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் சுருக்கியது. 2022இல் அதை நிறுத்தியும் வைத்தது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, பெயரை மாற்றிக்கொண்டு வந்த பழைய விருந்தாளியாகவே எனக்குப் படுகிறது.

பேச்சுரிமைக்கு அரசமைப்பின் 19(2) பிரிவு வரம்பு விதிப்பதை நான் மறுக்கவில்லை. பழிக்குப் பழி என்று வெட்டு விழும் நம் மாவட்டத்தில், ஒரு தெருவைக் குறிப்பிட்டு அரிவாளைக் காட்டுபவனின் சொல்லுக்கும் செயலுக்கும் இடையே ஓர் இரவுகூட இல்லாமல் போகலாம். அங்கே காவல்துறை தலையிடத்தான் வேண்டும். அமைச்சரைத் திட்டியவனின் சொல்லால் புண்படுவது அமைச்சரின் மனம் மட்டுமே.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். "அப்போ ரெண்டு வண்டி வேணும்ங்கிய?" என்றார். திட்டுகிறவனுக்கு வண்டியே வேண்டாம் என்றேன். ஒப்புக்கொள்ளாமலே அடுத்த சுற்றுக்குக் கிளம்பிவிட்டார்.