கூத்தனுக்கும் பாவலனுக்கும் படியளந்த ஆவடுதுறை

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் ஆடுதுறையையும் நரசிங்கன்பேட்டையையும் தாண்டினால் திருவாவடுதுறை. ஆடுதுறை வேறு, ஆவடுதுறை வேறு. இரண்டுமே பாடல் பெற்ற தலங்கள் என்பதால் புதிதாக வருபவர்கள் பெயரைக் கேட்டுக் குழம்புவதுண்டு. பசு உருவில் வந்த அம்பிகை பூசித்து விமோசனம் பெற்ற தலம் இது. அதனால் சுவாமிக்குக் கோமுக்தீஸ்வரர் என்று பெயர். மாசிலாமணீஸ்வரர் என்றும் சொல்வார்கள். அம்பாள் ஒப்பிலாமுலையம்மை. தல விருட்சம் படர் அரசு.

உள்ளே நுழைந்ததும் நந்திதான் கண்ணை நிறைக்கிறார். அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். திருமாளிகைத்தேவருக்கு ஆபத்து வந்தபோது மதில்மேல் இருந்த நந்திகளெல்லாம் உயிர்பெற்றுப் போய்ப் பகைவர் படையை விரட்டின என்பது தலக்கதை. இக்கோயில் மதிலில் நந்தி இல்லாததற்கு அதையே காரணமாகச் சொல்கிறார்கள். அந்தத் திருமாளிகைத்தேவர் திருவிசைப்பா பாடிய ஒன்பதின்மரில் ஒருவர். இந்த ஊரில் எந்தக் கதையை எடுத்தாலும் அது ஒரு பாட்டுக்காரரிடமோ புலவரிடமோ போய்த்தான் நிற்கிறது.

அதில் மூத்த கதை ஞானசம்பந்தருடையது. தந்தை சிவபாத இருதயருக்கு வேள்வி செய்யப் பொருள் வேண்டும். பிள்ளை கையில் காசு ஏது? நேரே இந்தச் சந்நிதிக்கு வந்து ‘இடரினும் தளரினும்’ என்று தொடங்கிப் பாடினார். ‘இதுவோ எமை ஆளுமாறு ஈவதொன்று எமக்கில்லையேல் அதுவோ உனதின்னருள் ஆவடுதுறை அரனே’ என்று பாட்டுக்குப் பாட்டு உரிமையோடு கேட்கிறார். கொடுக்க உன்னிடம் ஒன்றும் இல்லையென்றால் எங்களை ஆள்வது இப்படித்தானா, இதுதான் உன் அருளா என்று சுவாமியையே மடக்குகிற பதிகம். பூதம் ஒன்று ஆயிரம் பொன் கொண்ட உலவாக்கிழியை, அதாவது எடுக்க எடுக்கக் குறையாத பொன்முடிப்பை, பீடத்தின்மேல் வைத்துவிட்டுப் போயிற்று. நாங்கள் போன அன்று காலை ஓதுவார் ஒருவர் சந்நிதிக்கு எதிரே நின்று இந்தப் பதிகத்தைப் பாடினார். ‘ஈவதொன்று’ என்ற இடத்தில் குரல் கொஞ்சம் இறங்கி, ‘அரனே’யில் மேலேறி நின்றது. என்னுடன் வந்த பெரியப்பா அடுத்த பாட்டு தொடங்கும்வரை கூப்பிய கையை இறக்கவில்லை.

ஞானக்குழந்தைக்குப் பொன் கொடுத்த இறைவன் கூத்தாடியையும் விட்டுவிடவில்லை. முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இந்தக் கோயிலில் இருக்கிறது. புரட்டாசித் திருவிழாவில் ஆரியக்கூத்தின் ஏழு அங்கங்களை ஆடிக் காட்டுவதற்காகக் குமரன் சீகண்டன் என்ற சாக்கைக் கூத்தனுக்கு நிலம் விட்டதை அது சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஒரு கூத்தனின் பெயரைக் கல்லில் வெட்டி, இவன் ஆட்டத்துக்கு இன்ன நிலம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதை நினைத்துக்கொண்டே பிராகாரம் சுற்றினேன். அவன் எப்படி ஆடினான், எந்த இடத்தில் ஆடினான் என்ற ஏக்கம் மட்டும் போகவே இல்லை.

திருமூலர் சந்நிதியும் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்துச் சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, கதறி நின்ற பசுக்களின் துயர் பொறுக்காமல் அவன் உடலில் புகுந்தவர் அவர். ஆண்டுக்கு ஒரு பாட்டாக மூவாயிரம் பாடியது இங்கேதான். அங்கே சற்று நேரம் உட்காராமல் வரக்கூடாது.

இங்குள்ள சைவ மடமான திருவாவடுதுறை ஆதீனம் நமசிவாய மூர்த்திகள் நிறுவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆதீன வித்துவானாக இருந்து பாடம் சொன்னார். கேட்ட மாணவர்களில் ஒருவர் உ. வே. சாமிநாதையர். 1876-இல் பிள்ளையவர்களின் இறுதி நேரத்தில் அருகிலிருந்து திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படித்தவரும் அவரே. ஆசிரியர் போன பின் அந்த மாணவரைத் திக்கற்றுப்போக விடாமல் ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரே பாடம் சொல்லிக்கொடுத்தார், குடியிருக்க வீடும் கட்டிக்கொடுத்தார். சிறுவனாக இருந்த பாடகர் வைத்தியநாதையருக்குக் கல்லிடைக்குறிச்சி மடத்தில் ‘மகா’ பட்டம் தந்ததும் இதே தேசிகர்தான். பின்னாளில் ஏடு தேடி ஊர் ஊராக அலைந்து சங்கத் தமிழை மீட்ட மனிதருக்குச் சோறும் கூரையும் தந்த ஊர் என்று நினைக்கும்போது இந்த மண்ணை மிதிக்கவே கூசுகிறது.

மடத்தை விட்டு வெளியே வந்ததும் பெரியப்பா கேட்டார்: “ராஜரத்தினம் இங்கதானேப்பா நடந்திருப்பார்?”

“ஆமாம் பெரியப்பா. ஆதீன வித்வானாச்சே.”

“தோடின்னா அவர் தோடிதான். அந்த இசைத்தட்டை எங்கப்பா தேயத் தேயப் போட்டுக் கேட்பார்.”

டி. என். ராஜரத்தினம் பிள்ளை 1898-இல் திருமருகலில் பிறந்தவர். தகப்பனாரைச் சிறுவயதிலேயே இழந்து, ஆதீன நாகசுர வித்வானாக இருந்த மாமா நடேச பிள்ளையிடம் வளர்ந்தார். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் வாய்ப்பாட்டும் கற்றவர். அவர் ராகம் வாசிக்கும்போது குழலுக்குள் குரல் ஒன்று இருப்பதுபோல் கேட்பதற்கு அந்தப் பயிற்சியே காரணம் என்பது என் எண்ணம். சுருதிக்காகக் கூடவே ஊதும் ஒத்துக்குப் பதில் தம்புரா வைத்துக்கொண்டார். நாகசுரக்காரருக்கு மேடையில் மற்ற வித்வான்களுக்குச் சமமான மரியாதை வேண்டும் என்று கடைசிவரை நின்றார். 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில் ஆதீனத்தார் நேருவிடம் செங்கோல் கொடுக்கப் போனபோது உடன் ஒலித்தது அவர் நாகசுரம். 1956 டிசம்பரில் காலமானார்.

அவருக்காக நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி உருவாக்கியதுதான் இன்று எல்லோரும் வாசிக்கும் பாரி நாகசுரம். அதுவரை இருந்த திமிரி குட்டையானது, சுருதி அதிகம். பாரி நீளம், சுருதி இறங்கியது. ராகத்தை நின்று நிதானமாக விரிக்க அது இடம் கொடுத்தது. நரசிங்கன்பேட்டை நாகசுரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. திரும்பும் வழியில் ஒரு பட்டறையில் நின்றோம். பழைய வீடுகளில் உத்தரமாக இருந்து பல காலம் காய்ந்த ஆச்சா மரத்தைத்தான் தேடி வாங்குகிறார்களாம். ஆசாரி ஒருவர் கடைந்த உலவை, அதாவது நாகசுரத்தின் குழலை, ஒரு கண்ணை மூடி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, துளை இன்னும் சீராகவில்லை என்று மறுபடி கடைசலுக்கு ஏற்றினார். நாகசுரத்தில் வாய்வைத்து ஊதும் சீவாளியைக் கட்டுகிறவர்கள் ஆவடுதுறையிலேயே இருக்கிறார்கள். கொறுக்கைத் தட்டையைப் பதப்படுத்தி நூல் சுற்றுகிற வேலை.

போக நினைப்பவர்கள் தை மாதம் போங்கள். கோயிலில் ரதசப்தமியை ஒட்டிப் பெருவிழா நடக்கும். மடத்தில் தை அசுவதியில் நமசிவாய மூர்த்திகள் குருபூஜை. இரண்டிலும் நாகசுரம் கேட்கலாம். சாமி புறப்பாட்டில் நாகசுரத்தில் வாசிக்கும் மல்லாரி தொடங்கும் முன்பே போய் நில்லுங்கள். கூட்டத்தோடு சாமிக்கு முன்னால் ஓடிவிடாமல், வாசிப்பவருக்குப் பக்கத்திலேயே நடந்து வாருங்கள்.